உங்கள் எண் எங்கே போகிறது?

ஒரு தட்டு இட்லி சாப்பிட உங்கள் கைப்பேசி எண் எதற்கு?

கொவிட்-19க்கு முன்பு தேக்காவில் யாராவது எண்ணைக் கேட்டிருந்தால் நாம் இப்படித் திருப்பிக் கேட்டிருப்போம். இன்று மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, பெயரையும் எண்ணையும் பதிந்து, தள்ளுபடிக்காகப் பிறந்தநாளையும் கொடுத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்குகிறோம். உணவக வாசலில் நம் விவரத்தைக் கொடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்குக் கிருமித்தொற்றுக் காலத்தில்தான் வந்தது. அப்போது நான் வாசலின் மறுபக்கத்தில் நின்றேன்.

2020ல் சாதாரண நிலைத் தேர்வு முடிந்ததும், ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு அருகில் உள்ள ஓர் உணவகத்தில் டிசம்பரிலும் ஜனவரியிலும் பகுதிநேர வேலை பார்த்தேன். வருபவர்களின் உடல் வெப்பநிலையைப் பார்ப்பதும், அவர்கள் 'சேஃப்என்ட்ரி'யில் பதிவதை உறுதி செய்வதும் என் பொறுப்பு. கைப்பேசி இல்லாத முதியவர்களிடம் அடையாள அட்டையை வாங்கி அதன் பட்டைக்குறியீட்டை நானே ஸ்கேன் செய்வேன்.

"ஒரு டீ குடிக்கப் போலிஸ் ஸ்டேஷன் மாதிரி கேக்கிறியே, பாப்பா," என்பார் தினமும் வரும் ஒரு தாத்தா. சொல்லிக்கொண்டே அட்டையை நீட்டுவார். நானும் சிரித்துக்கொண்டே வாங்குவேன்.

எண் யாரிடம் போனது?

'சேஃப்என்ட்ரி' 2020 மே 12 முதல் வேலையிடங்களுக்கும் பல கடைகளுக்கும் கட்டாயமானது. ஜூன் 19ஆம் தேதி உணவகங்களில் அமர்ந்து சாப்பிட மீண்டும் அனுமதி கிடைத்தபோது, அது உணவக வாசல்களுக்கும் வந்தது. பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண், வந்த நேரம் ஆகியவை பதிவாகும். ஆனால் அவை உணவக முதலாளியிடம் போகவில்லை. நேராக அரசாங்கத்தின் கணினிக்குச் சென்றன. 25 நாளில் அழிக்கப்படும் என்பது ஏற்பாடு.

காகிதப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது புரியும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2020 மே மாதம், ஓர் உணவுக் கடையில் ஒரு பெண் தொற்றுத் தடமறிதலுக்காகத் தாளில் எழுதிக் கொடுத்த விவரத்தை எடுத்து, கடை ஊழியர் ஒருவர் அவரைத் தனிப்பட்ட முறையில் தொடர்புகொள்ளத் தொடங்கினார். அவர் வேலையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். திறந்து கிடக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பின்னால் வருபவர் எல்லாருமே முன்னால் வந்தவரின் எண்ணைப் பார்க்கலாம். அந்த வகையில் நம் முறை பாதுகாப்பானது.

'டிரேஸ்டுகெதர்' வேறு வகை. 2020 மார்ச் 20ல் அறிமுகமான அந்தச் செயலியும், பின்னர் வந்த கையடக்கக் கருவியும், அருகில் இருந்தவர்களின் கருவிகளைப் புளூடூத் வழி குறித்துவைத்தன. எங்கே இருந்தோம் என்பதைவிட யாருடைய அருகில் இருந்தோம் என்பதே அதில் முக்கியம். தொற்று உறுதியானால் மட்டுமே அந்தப் பதிவு அதிகாரிகளிடம் போகும்.

ஜனவரி 4

2020 ஜூன் மாதம், 'டிரேஸ்டுகெதர்' தரவு தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே பயன்படும் என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் கூறியிருந்தார். 2021 ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை அந்தத் தரவைப் பெற முடியும் என்றார். மறுநாள் டாக்டர் விவியன், ஒரு கொலை வழக்கில் காவல்துறை அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியதாகத் தாம் அறிவதாகவும், முன்பு பேசியபோது அந்தச் சட்டத்தைத் தாம் எண்ணிப் பார்க்கவில்லை என்றும் விளக்கினார்.

அந்த வாரம் வாசலில் நின்ற எனக்கு மாற்றம் தெரிந்தது. கருவியைக் கழுத்தில் மாட்டியிருந்த ஓர் ஆன்ட்டி, "தங்கச்சி, இது கிருமிக்கு மட்டும்தான்னு சொன்னாங்களே?" என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இல்லை. ஆனாலும் அவர் கண்முன் நின்றது நான்தான்.

இன்னொருவரை இப்போதும் நினைப்பதுண்டு. அப்போது தங்குவிடுதியில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள் பெரும்பாலோர் வெளியே வர முடியாது. ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா வெறிச்சோடிக் கிடந்தது. அருகிலுள்ள கடைவீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த ஓர் அண்ணன் மட்டும் வாரந்தோறும் வந்து, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுவார். அந்தச் செய்தி வந்த பிறகு அவர் உள்ளே வருவதை நிறுத்திவிட்டார். "தாபாவ் பண்ணிடும்மா," என்று வெளியிலேயே நின்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார். காரணம் கேட்டேன். "நான் ஒரு தப்பும் பண்ணல. ஆனா வேலை பர்மிட்ல இருக்கிறவன், எதுக்கு வம்பு?" என்றார்.

தவறு செய்யாதவருக்கு என்ன பயம் என்று கேட்பவர்களுக்கு அவரைத்தான் உதாரணமாகச் சொல்வேன். பயம் எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. யாருடைய வாழ்க்கை ஓர் அட்டையில் தொங்குகிறதோ அவர் முதலில் ஒதுங்கிக்கொள்கிறார். அவர் ஒதுங்கினால் தடமறிதலும் பலவீனமாகிறது. நம்பிக்கை போனால் சுகாதாரமும் பாதிக்கப்படுகிறது.

சட்டம் வந்தது

2021 பிப்ரவரி 2ஆம் தேதி நாடாளுமன்றம் சட்டத் திருத்தம் ஒன்றை நிறைவேற்றியது. கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல், கடும் பாலியல் குற்றம் உள்ளிட்ட ஏழு வகைக் குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே தொடர்புத் தடமறிதல் தரவைக் காவல்துறை கேட்கலாம். தரவைத் தவறாகப் பயன்படுத்தும் அதிகாரிக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 'சேஃப்என்ட்ரி'க்கும், தங்குவிடுதி ஊழியர்கள் பயன்படுத்திய 'புளூபாஸ்' கருவிக்கும் இந்தப் பாதுகாப்பு பொருந்தியது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவில் 'சேஃப்டபிள்யூஏ' செயலியின் தரவைக் காவல்துறை ஒரு கொலை விசாரணைக்காகப் பெற்றது 2021 ஜூனில் தெரியவந்தது. அங்கும் உடனே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், உணவகத்திலிருந்து வெளியேறிய ஒருவர் விழுந்து இறந்த சம்பவத்தை விசாரித்த காவல்துறை, 'லூகா' செயலிவழி 21 பேரின் விவரத்தைப் பெற்றது. அதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்று பின்னர் அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. தரவு ஓரிடத்தில் குவிந்துவிட்டால், அதை வேறொன்றுக்குப் பயன்படுத்தும் ஆசை எந்த நாட்டிலும் எழும். ஆசை கெட்டதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை; கொலைகாரரைப் பிடிப்பது நல்ல நோக்கம்தான். எல்லையை முன்கூட்டியே எழுதிவைத்தார்களா என்பதுதான் கேள்வி.

சிங்கப்பூரில் 2022 ஏப்ரல் 26 முதல் பெரும்பாலான இடங்களில் பதிவு தேவைப்படவில்லை. 2023 பிப்ரவரியில் இரு திட்டங்களும் முடிவுக்கு வந்தன. அடையாளம் காட்டும் தரவு அனைத்தும் அழிக்கப்பட்டது என்றும், அந்தக் கொலை வழக்கு தொடர்பான தரவு மட்டும் வைத்திருக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. எடுத்ததற்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது, அதை மக்களுக்குச் சொல்லவும் செய்தார்கள்.

இன்றைய மேசையில்

இன்று நாம் உணவகங்களுக்குத் தரும் எண்ணுக்கு அத்தகைய முடிவுத் தேதி உண்டா? இந்த எண் அரசாங்கத்துக்குப் போவதில்லை. கடைக்கோ, கடைக்கு மென்பொருள் விற்கும் நிறுவனத்துக்கோ போகிறது. இங்கே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்று நிறுவனம் சொல்ல வேண்டும். அந்த நோக்கம் முடிந்த பிறகு தேவையின்றி வைத்திருக்கக் கூடாது. கொடுத்த சம்மதத்தை நாம் திரும்பப் பெறலாம். சட்டம் கோரினாலோ அடையாளத்தைத் துல்லியமாக உறுதி செய்ய வேண்டியிருந்தாலோ தவிர, நிறுவனங்கள் முழு அடையாள அட்டை எண்ணைக் கேட்கக் கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது.

எனவே அடுத்த முறை எண் கேட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதற்கு? எவ்வளவு காலம்? கொடுக்காவிட்டால் சாப்பாடு கிடைக்காதா? பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்கு, "பரவாயில்லை, அண்ணனிடம் சொல்லுங்கள், எழுதிக்கொள்வார்," என்ற பதில்தான் வருகிறது.

அண்மையில் ஓர் உணவகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, என் எண்ணை நீக்கச் சொன்னேன். இரண்டு நாளில் நீக்கிவிட்டார்கள். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று அந்த மேலாளர் எழுதியிருந்தார். கேட்கும் உரிமை நமக்குப் பல ஆண்டுகளாக இருக்கிறது. இனி கேட்டுப் பார்ப்போம்.