குப்பை மீண்டும் எருவாகட்டும்!

அடுப்படியில் பிரித்தால் உரம். வயலில் கொட்டிய பிறகு பிரிக்க முடியாது

'வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?'

கோடை உழவுக்கு முன் காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் விவசாயிகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. இங்கே குப்பை என்றால் எரு. சாணம், வைக்கோல் கூளம், அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல், வாசல் பெருக்கிய சருகு என எல்லாம் கொல்லைப்புறக் குழிக்குப் போகும். ஆண்டுக்கு ஒருமுறை வண்டி கட்டி வயலுக்கு அடிப்பார்கள். ஒரு வீட்டின் விவசாயம் எப்படி என்று தெரிந்துகொள்ள அந்த வீட்டுக் குப்பைக்குழியைப் பார்த்தால் போதும் என்பார்கள் பெரியவர்கள்.

இன்று அதே சொல்லைக் கேட்டால் மூக்கைப் பிடிக்கிறோம். சொல் மாறவில்லை, குழிக்குள் போகும் பொருள்தான் மாறிவிட்டது.

ஊர் மாறியது, குப்பையும் மாறியது

குன்றத்தூர் வட்டத்தில் உள்ள திருமுடிவாக்கம் இதற்கு நல்ல உதாரணம். ஒரு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. அருகிலேயே அடையாறு. வயல் இருந்த இடங்களில் மனைப் பிரிவுகளும் வாடகைக் குடியிருப்புகளும் வந்துவிட்டன. மாடு குறைந்தது, குப்பைக்குழி தூர்ந்தது. பால் பாக்கெட், ஷாம்பு சாஷே, பார்சல் டப்பா, குழந்தைக்குக் கட்டும் டயப்பர் என வீட்டுக் குப்பை மட்டும் பெருகியது. சென்னையின் தென்புறத்துக் கிராமங்கள் எல்லாவற்றின் கதையும் இதுதான்.

ஒரே பையில் கட்டி வீசிய இந்தக் குப்பை எங்கே போகிறது? ஒரு பகுதி காலி மனையிலும் ஏரிக்கரையிலும் ஓடைக் கால்வாயிலும் தங்குகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை ஊர்கள் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. அந்த வெள்ளத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் கால்வாயின் வாயில் அடைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பை, சாதாரண மழைக்கே தண்ணீரைத் தெருவுக்குத் திருப்பிவிடும். மாநகரத்துக் குப்பை பெருங்குடி கிடங்கில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி மலையாகக் குவிந்தது. 2022 ஏப்ரலில் அங்கே பற்றிய தீ பல நாள் புகைந்தது.

மாட்டின் வயிற்றில் 52 கிலோ

கால்நடை வளர்ப்போருக்கு நட்டம் இன்னும் நேரடியானது. 2019 அக்டோபரில் திருமுல்லைவாயலிலிருந்து ஒரு கறவை மாடு சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவரப்பட்டது. வலியால் வயிற்றை உதைத்துக்கொண்டும் சாணம் போட முடியாமலும் தவித்த அந்த மாட்டுக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை செய்தார்கள். வயிற்றிலிருந்து எடுத்தது 52 கிலோ பிளாஸ்டிக்.

மாடு பிளாஸ்டிக்கைத் தேடித் தின்பதில்லை. சோறும் காய்கறித் தோலும் உள்ளே இருப்பதால்தான் பையோடு சேர்த்து விழுங்குகிறது. உதட்டால் தள்ளிப் பிரித்துத் தின்ன ஆட்டுக்குத் தெரிந்த அளவு மாட்டுக்குத் தெரியாது. உள்ளே போன பை முதல் இரைப்பையிலேயே தங்கிவிடும். தீவனம் குறையும், பால் குறையும். கடைசியில் மாடே போய்விடும். எச்சில் சோற்றைப் பையில் கட்டி முடிச்சுப் போட்டு வீசாமல் இருந்தாலே பாதி ஆபத்து நீங்கும்.

கலப்புக் குப்பை, கலப்பட உரம்

'டவுன் குப்பை மலிவாகக் கிடைக்கிறது, வயலுக்கு அடிக்கலாமா?' என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. பிரிக்காத குப்பை என்றால் வேண்டவே வேண்டாம். அதில் வரும் கண்ணாடிச் சில்லும் பிளேடும் ஊசியும் நாற்று நடும் பெண்களின் காலையும் கையையும் கிழிக்கும். பிளாஸ்டிக் தாள் மண்ணுக்குள் படுத்துக்கொண்டு வேரையும் தண்ணீரையும் தடுக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து அதைவிடப் பெரிது. பழைய பேட்டரி, உடைந்த பல்பு, பெயின்ட் டப்பா ஆகியவற்றிலிருந்து ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற கன உலோகங்கள் உரத்தில் இறங்கும். மண்ணில் சேர்ந்தால் அவை மக்கிப் போகாது. கீரை வழியாகத் தட்டுக்கே வந்து சேரும். அதனால்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகர்ப்புற மக்கு உரத்துக்கு எல்லை வகுத்திருக்கிறது. ஒரு கிலோ உரத்தில் ஈயம் 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும், பாதரசம் 0.15 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டுப் பிறகு சலித்தால் கல்லும் கண்ணாடியும் போகும், ஈயம் போகாது.

பம்மல் பெண்கள் காட்டிய வழி

இதற்கு விடையைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. இன்று தாம்பரம் மாநகராட்சியில் இருக்கும் பம்மலில், 1994-ஆம் ஆண்டிலேயே ஸ்ரீ சங்கரா நகர்ப் பெண்கள் சிலர் மங்களம் பாலசுப்ரமணியன் தலைமையில் ஒன்றுகூடினர். தெருக்கோடியில் குவிந்து நாறிய குப்பைக்கு யாரையும் குறை சொல்லிக்கொண்டிருக்காமல், வீடு வீடாகப் பிரித்து வாங்க ஏற்பாடு செய்தார்கள். மக்கும் குப்பை மண்புழுத் தொட்டிக்குப் போனது. மற்றது பழைய பொருள் வியாபாரிக்குப் போனது. முதலில் சிரித்தவர்களும் பிறகு சேர்ந்துகொண்டார்கள். எக்ஸ்னோரா அமைப்பின் துணையோடு அந்த வேலை ஒரு நகரில் தொடங்கிப் பம்மல் நகராட்சி அளவுக்கு விரிந்தது.

அவர்களிடம் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. அடுப்படியிலேயே இரண்டு பாத்திரம் வைத்ததுதான் அவர்களது தொழில்நுட்பம். மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பதை 2016-இல் கடமையாக்கியபோது, பம்மலில் அது இருபது ஆண்டுப் பழக்கம்.

மூன்றாகப் பிரியுங்கள்

மக்கும் குப்பை: காய்கறித் தோல், சோறு, டீத்தூள், முட்டை ஓடு, பூ, வாழை இலை, சருகு. வீட்டுக் குப்பையில் பாதி அளவு இதுதான். மூடியுள்ள வாளியில், பிளாஸ்டிக் பை விரிக்காமல் போடவும்.

மக்காத குப்பை: காகிதம், அட்டை, பால் பாக்கெட், பாட்டில், தகரம், கண்ணாடி. பால் பாக்கெட்டை வெட்டும்போது மூலைத் துண்டைத் தனியாக அறுத்துப் போடாதீர்கள். அந்தச் சின்னத் துண்டைப் பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது. பாக்கெட்டைக் கழுவி உலர்த்தினால் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள். ஈரமும் எண்ணெயும் பட்ட காகிதத்துக்கு விலை இல்லை. சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே போன்ற பல அடுக்குத் தாள்களைக் கடைக்காரர் வாங்க மாட்டார். அவற்றையும் தனியே சேர்த்துத் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள்; சிமெண்ட் ஆலைகளில் எரிபொருளாகப் பயன்படுத்த வழி இருக்கிறது.

ஆபத்தான குப்பை: பேட்டரி, பல்பு, காலாவதி மருந்து, ஊசி, பெயின்ட், பூச்சிமருந்து டப்பா. இவற்றுக்குத் தனிப் பெட்டி வேண்டும். நாப்கின், டயப்பர் ஆகியவற்றைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துத் தனியாகக் கொடுங்கள். அவற்றைக் கையாள்பவரும் நம்மைப் போல் ஒரு குடும்பத்துக்காரர்தான்.

விவசாய வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. காலியான பூச்சிமருந்து பாட்டிலை மூன்று முறை தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிவிடுங்கள். பிறகு பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள். எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்க அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். வாய்க்காலிலும் கிணற்றிலும் வீசாதீர்கள்.

எருவாக்கும் முறை

கொல்லை உள்ள வீட்டுக்குக் குழி முறையே போதும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி இருக்குமாறு இரண்டு குழிகள், மழைநீர் தேங்காத மேட்டில் எடுக்கவும். தினமும் மக்கும் குப்பையைப் போட்டு, மேலே ஒரு கை சருகும் மண்ணும் தூவவும். வாரம் ஒருமுறை சாணக் கரைசல் தெளிக்கவும். முதல் குழி நிறைந்ததும் மண் போட்டு மூடிவிட்டு இரண்டாவதற்கு மாறவும். அது நிறைவதற்குள் முதல் குழி எருவாகியிருக்கும்.

இடம் இல்லாத வீட்டில், பக்கவாட்டில் துளையிட்ட மண்பானையோ பழைய வாளியோ போதும். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு அல்லது மக்கிய தென்னை நார்க்கழிவு சேர்க்க வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள்; இன்னும் சருகு போட்டுக் கிளறிவிடுங்கள்.

மாடு வைத்திருப்பவர்கள் மண்புழு உரத்துக்குப் போகலாம். நிழலில் 3 அடி அகலத் தொட்டி போதும். கழிவோடு சாணம் கலந்து 15 முதல் 20 நாள் மக்கவிட்டு, சூடு தணிந்த பிறகே புழுவை விட வேண்டும். பச்சையாகப் போட்டால் சூட்டில் புழு செத்துவிடும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரமுள்ள படுக்கைக்கு ஒரு கிலோ, அதாவது சுமார் 1,000 புழுக்கள் தேவை. ஈரம் 60 சதவீதம் இருக்கட்டும். கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. சுமார் 60 நாளில் உரம் கிடைக்கும். எடுப்பதற்குச் சில நாள் முன் தண்ணீரை நிறுத்தினால் புழுக்கள் கீழே இறங்கிவிடும்.

ஒரு சிறு கணக்கு. வீட்டில் தினமும் அரைக் கிலோ மக்கும் கழிவு சேர்ந்தால் ஆண்டுக்கு 180 கிலோ. மக்கியபின் மூன்றில் ஒரு பங்கு நின்றாலும் 60 கிலோ எரு. முருங்கை, வாழை, கீரைப் பாத்தி உள்ள வீட்டுத் தோட்டத்துக்கு அது தாராளம்.

வழக்கமாக எழும் சந்தேகங்கள்

கேள்வி: மீன், கோழிக் கழிவை மண்புழுத் தொட்டியில் போடலாமா?
பதில்: கூடாது. எலியும் நாயும் வரும், புழுவும் பாதிக்கும். தென்னை, வாழையின் வேரை வெட்டாமல் சற்றுத் தள்ளி ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மண் மூடுங்கள். ஊறுகாய், உப்பு, எண்ணெய் மிகுந்த கழிவையும் தொட்டியில் போடாதீர்கள்.

கேள்வி: பிளாஸ்டிக்கை வீட்டிலேயே கொளுத்திவிட்டால் வேலை முடிந்ததல்லவா?
பதில்: முடியாது, அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் புகை நச்சு. முதலில் சுவாசிப்பது நம் வீட்டுக் குழந்தைதான். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது விதிப்படியும் தவறு. முதலில் வீட்டுக்குள் வருவதைக் குறையுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. கடைக்குப் போகும்போது மஞ்சப்பை கையில் இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே?
பதில்: நியாயமான குறை. மக்கும் குப்பையை வீட்டிலேயே எருவாக்கிவிட்டால் அது வண்டிக்கே போகாது. உலர்ந்த பொருள் கடைக்குப் போய்விடும். வண்டிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதையும் பிரித்து வாங்க வேண்டும் என்று கிராம சபையில் கேளுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் சபையில் குடிநீர், சாலை போல இதையும் தீர்மானமாக எழுத வையுங்கள்.

நாளைக் காலை காய் நறுக்கும்போது பக்கத்தில் இன்னொரு வாளி வையுங்கள். ஒரு மாதம் கழித்துக் கிளறிப் பாருங்கள். கையில் அள்ளினால் புது மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். அது வந்துவிட்டால், 'குப்பை அடிச்சாச்சா?' என்று யார் கேட்டாலும் மூக்கைப் பிடிக்காமல் பதில் சொல்லலாம்.