தூட்பூஞ்சண நோயும் அதன் வரலாற்றுப் பின்னணியும்

இலைகளில் மாவு தூவியதுபோல வெண்படலமாகத் தோன்றும் தூட்பூஞ்சண நோயைத் தாவரவியலாளர் மட்டுமே ஆராயவேண்டிய பொருளெனக் கருதுவாருளர். எனினும், அது பரவிய முறையைக் கூர்ந்து நோக்கின், உற்பத்தி முறையையும் உடன்வைத்தே அதனை விளங்கிக்கொள்ளவேண்டும் என்பது புலப்படும். ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

முதற்கண் தொற்றும் முறையை நோக்குவோம். காற்றில் வரும் வித்தி இலைப்பரப்பில் வீழ்ந்து முளைக்கும். பிற பங்கசுகள் பலவற்றைப்போல அதற்கு நீர்த்துளி வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதனே போதும். முளைக்குழாயின் நுனி பருத்து இலையோடு ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து நுண்முளையொன்று நொதியங்களாலும் அமுக்கத்தாலும் கலச்சுவரைத் துளைத்து உட்சென்று, மேற்றோற் கலத்தினுள் பருகி எனும் உறிஞ்சுறுப்பாக விரியும். கலமென்சவ்வு கிழியாது அவ்வுறுப்பைச் சூழ்ந்து நிற்கும். பங்கசிழைகள் வெளியே படர்ந்திருக்க, உணவு உள்ளிருந்து வந்துகொண்டிருக்கும். உயிருள்ள கலத்திலேயே வாழவல்லதாதலின், தனக்கு உணவளிக்கும் கலத்தைப் பங்கசு உடனே கொல்வதில்லை. நோயுற்ற திராட்சைக் காயின் தோல் விரியும் ஆற்றலை இழக்க, உட்சதை வளர்ந்து காய் வெடிக்கும்.

வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பங்கசை 1845இல் இங்கிலாந்தின் மார்கேற்றில் எட்வேட் ரக்கர் என்னும் தோட்டக்காரர் அவதானித்தார். 1847இல் பேர்க்கிளி அதற்கு அவர் பெயரையே இட்டார். விரைவில் பிரான்சிலும் நோய் பரவியது. 1850இல் ஏறத்தாழ 45 மில்லியன் எக்ரோலீற்றராகவிருந்த அந்நாட்டின் வைன் உற்பத்தி, 1854இல் ஏறத்தாழ 11 மில்லியனாக வீழ்ந்தது.

இவ்வீழ்ச்சிக்குப் பங்கசின் ஆற்றலை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. அமெரிக்கக் கொடிகள் நெடுங்காலம் அதனோடு வாழ்ந்து எதிர்ப்பாற்றல் பெற்றவை. ஐரோப்பியக் கொடிகளோ அதனை அறியாதவை. வெட்டுத்துண்டுகளால் பெருக்கப்பட்டமையின், ஒரே வகைக் கொடிகள் யாவும் ஒரே பலவீனத்தைக் கொண்டிருந்தன. சந்தைக்கென அவை பரந்த நிலத்தில் நெருங்கி நடப்பட்டிருந்தன. சமுத்திரம் கடந்த வாணிகம் நோயைக் கொணர்ந்தது; தனிப்பயிர்ச் செய்கை அதற்கு இடமளித்தது.

கந்தகத் தூள் நோயைக் கட்டுப்படுத்தியது. மொன்பெலியேயில் ஆன்றி மாரே அம்முறையைச் செம்மைப்படுத்தினார். ஆயினும், ஆண்டுதோறும் பலமுறை தூவவேண்டியிருந்தமையால், கந்தகச் செலவும் கூலியும் உற்பத்தியின் நிலையான சுமைகளாயின. கண்ணெரிச்சலைத் தாங்கியவர் தொழிலாளரே. எதிர்ப்பாற்றலுள்ள கொடிகளை நாடி இறக்குமதி செய்தபோது, அவற்றோடு 1860களில் பிலொக்சரா என்னும் வேருண்ணிப் பூச்சியும் வந்துசேர்ந்தது.

1925இல் இலங்கையின் இறப்பர்த் தோட்டங்களிலும் வேறொரு தூட்பூஞ்சணம் இளந்தளிர்களை உதிர்த்தது. பயிர் நோயின் வரலாற்றை எழுதப்புகுவோர் நுணுக்குக்காட்டியோடு கணக்கேட்டையும் திறந்து பார்த்தல் வேண்டும்.