வீடியோ இறுவட்டு வீட்டுப் பிளேயரில் இயங்காமை: காரணங்களும் தீர்வுகளும்

பாடசாலை நாடக விழாவின் வீடியோவை ஒரு மாணவன் கணினியின் உதவியுடன் டீவீடீ இறுவட்டில் பதிந்து வீட்டுக்குக் கொண்டு செல்கின்றான். கணினியில் நன்கு இயங்கிய அதே இறுவட்டு வீட்டிலுள்ள டீவீடீ பிளேயரில் இயங்கவில்லை. பிளேயர் பழுதடைந்துவிட்டது என உடனே முடிவு செய்தல் தவறாகும். முதலில் கடையில் வாங்கிய ஒரு டீவீடீயை அதில் இட்டுப் பார்க்க வேண்டும். அது இயங்குமாயின் குறை பெரும்பாலும் நாம் பதிந்த இறுவட்டிலேயே உள்ளது.

பிளேயரின் தொழிற்பாட்டை வாசித்தல், விளங்கிக்கொள்ளல், காட்டுதல் என மூன்று படிகளாகப் பிரிக்கலாம். எந்தப் படியில் தடை ஏற்பட்டுள்ளது என அறிந்தால் தீர்வும் எளிதாகும்.

1. வாசித்தல்

இறுவட்டின் தரவுகள் லேசர் ஒளியினால் வாசிக்கப்படுகின்றன. இதன் அலைநீளம் சீடீக்கு 780 நனோமீற்றர், டீவீடீக்கு 650 நனோமீற்றர், புளூ-ரேக்கு 405 நனோமீற்றர் ஆகும். எனவே டீவீடீ பிளேயரால் புளூ-ரே இறுவட்டை வாசிக்க முடியாது.

அறிகுறி: இறுவட்டு நீண்ட நேரம் சுழன்ற பின் ‘இறுவட்டு இல்லை’ எனத் திரையில் தோன்றும்.

காரணங்கள்:
(அ) கீறல் அல்லது அழுக்கு. மென்மையான துணியினால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தல் கூடாது.
(ஆ) பதிவு நிறைவாக்கப்படாமை. டீவீடீ ரெக்கோடர் அல்லது டீவீடீ கமராவில் பதிந்த இறுவட்டை, அதே கருவியில் நிறைவாக்கிய பின்னரே ஏனைய பிளேயர்களில் இட வேண்டும்.
(இ) இறுவட்டு வகை. பழைய பிளேயர்கள் சில டீவீடீ-ஆர், டீவீடீ+ஆர் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும்.

2. விளங்கிக்கொள்ளல்

சாதாரண டீவீடீ பிளேயர் எதிர்பார்ப்பது பெரும்பாலும் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டு, ‘வீடியோ_ரீஎஸ்’ என்னும் கோப்புறையில் ஒழுங்குபடுத்தப்பட்ட வீடியோவையாகும். வீசீடீயில் எம்பெக்-1 முறை பயன்படுகின்றது.

ஏவீஐ, எம்பி4 என்பன கொள்கலன்கள் மாத்திரமே. ஒரே வடிவமுள்ள இரு பெட்டிகளுள் வெவ்வேறு பொருள்கள் இருக்கலாம் அல்லவா? அதுபோல இரு ஏவீஐ கோப்புகளில் வீடியோ வெவ்வேறு குறிமுறைகளில் இருக்கலாம். ஆகவே ஒன்று இயங்க மற்றையது இயங்காமற் போகலாம்.

அறிகுறி: கோப்பின் பெயர் தோன்றியும் இயங்காது, அல்லது ஒலி மட்டும் கேட்கும்.

தீர்வு: டீவீடீ தயாரிக்கும் மென்பொருளின் மூலம் கோப்பை ‘டீவீடீ-வீடியோ’ வடிவத்துக்கு மாற்றிப் பதிதல்.

3. காட்டுதல்

இலங்கையின் தொலைக்காட்சி முறை பால் ஆகும். பால் டீவீடீயில் 720 × 576 படப்புள்ளிகளும் செக்கனுக்கு 25 சட்டகங்களும் உள்ளன. ஐக்கிய அமெரிக்கா, யப்பான் ஆகிய நாடுகளின் என்ரிஎஸ்சி முறையில் 720 × 480 படப்புள்ளிகளும் செக்கனுக்கு ஏறத்தாழ 30 சட்டகங்களும் உள்ளன.

அறிகுறி: பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் படம் கறுப்பு வெள்ளையாகத் தோன்றும் அல்லது மேலும் கீழும் உருளும்.

தீர்வு: பிளேயரின் அமைப்புப் பட்டியலில் தொலைக்காட்சி முறையைப் ‘பால்’ எனத் தெரிவு செய்தல்.

கவனிக்க: கடைகளில் விற்கப்படும் டீவீடீகள் பலவற்றுக்கு வலயக் குறியீடு உண்டு. இலங்கை 5ஆம் வலயத்தைச் சேர்ந்தது. 1ஆம் வலயத்துக்கென மட்டும் வெளியிடப்பட்ட டீவீடீ, 5ஆம் வலயத்துக்கென அமைக்கப்பட்ட பிளேயரில் இயங்காது. இது பழுதன்று.

மாதிரி வினா
ஏவீஐ கோப்பொன்று டீவீடீ பிளேயரில் ஒலியை மட்டுமே தருகின்றது. நண்பன் ஒருவன் கோப்பின் நீட்சியை ‘எம்பிஜி’ என மாற்றினால் போதும் என்கின்றான். இக்கூற்றுச் சரியானதா? விளக்குக.

விடை
சரியன்று. ஒலி கேட்பதால் இறுவட்டு வாசிக்கப்படுகின்றது. தடை இரண்டாம் படியிலேயே உள்ளது. நீட்சியை மாற்றுவதால் பெயர் மட்டுமே மாறும். உள்ளிருக்கும் குறிமுறை மாறாது. கோப்பை எம்பெக்-2 முறைக்கு மாற்றி, டீவீடீ-வீடியோவாகப் பதிய வேண்டும்.

நினைவிற் கொள்க: புதிய இறுவட்டை வீட்டுப் பிளேயரில் முழுமையாக இயக்கிப் பார்க்கும் வரை கமராவிலோ கணினியிலோ உள்ள மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். பிளேயரை மாற்றலாம், இறுவட்டை மீண்டும் பதியலாம். மேடையில் ஒருமுறை நடந்த நாடகத்தை மீண்டும் பெற முடியாது.