ரேம் வாங்கக் கிளம்பும் முன்...

பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகன் சென்ற வாரம் போன் செய்தான். "மாமா, புது கம்ப்யூட்டர் ஹேங் ஆகுது. இன்னொரு 8 ஜிபி ரேம் போடணும்னு கடையில சொல்றாங்க." அத்தானும் பணத்தை எடுத்து வைத்துவிட்டார். நல்லவேளை, டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். மெமரியில் பாதி காலி. பிராசசர்தான் ஓயாமல் ஓடிக் கொண்டிருந்தது.

அவன் பைத்தானில் எழுதியிருந்தது ஃபிபொனாச்சி புரோகிராம். 0, 1, 1, 2, 3, 5, 8 என்று, முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண். இதற்கு ரிகர்ஷன், அதாவது ஒரு பங்ஷன் தன்னையே அழைக்கும் முறையைப் பயன்படுத்தியிருந்தான். 10, 20 என்று கொடுத்தால் உடனே விடை. 45 கொடுத்தால் அசையவில்லை.

காரணம் என்ன? 40-ஆவது எண்ணுக்கு 39-உம் 38-உம் வேண்டும். 39-க்குப் போனால் அதுவும் 38-ஐக் கேட்கும். கண்டுபிடித்த விடையை எங்கும் குறித்து வைக்காததால், அதையே மீண்டும் மீண்டும் கணக்கிடுகிறது. 40-ஆவது எண்ணுக்கு மட்டும் அந்த பங்ஷன் 33,11,60,281 முறை அழைக்கப்படுகிறது! 45 என்றால் சுமார் 367 கோடி. ஆனால் எந்த ஒரு நொடியிலும் காத்திருக்கும் அழைப்புகள் ஐம்பதுகூட இல்லை. ரேம் பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள்.

தீர்வு இரண்டே வரிகள். பைத்தான் 3.9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால், பங்க்டூல்ஸ் மாட்யூலிலிருந்து 'கேஷ்' என்பதை இம்போர்ட் செய்து, பங்ஷனுக்கு மேல்வரியில் @ குறியுடன் சேர்க்கவும். கண்ட விடைகள் நினைவில் வைக்கப்படும். 33 கோடி அழைப்பு 79 ஆகக் குறைந்துவிடும்.

பையன் சும்மா இருப்பானா? 3000 கொடுத்தான். 'ரிகர்ஷன் எரர்' வந்தது. இது வேறு நோய். ஒவ்வோர் அழைப்பும் முந்தைய அழைப்பு முடியாமல் காத்திருக்க, தட்டுகளை அடுக்குவதுபோல் ஏறிக்கொண்டே போகும். பைத்தான் வழக்கமாக 1000 அடுக்குடன் நிறுத்திவிடுகிறது. 'செட் ரிகர்ஷன் லிமிட்' என்ற கட்டளையால் இதை உயர்த்தலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. வரம்பை அளவுக்கு மீறி உயர்த்தினால் எரர் மெசேஜ்கூட வராமல் புரோகிராமே மூடிக்கொள்ள வாய்ப்புண்டு. முடிவு நிபந்தனையையே எழுத மறந்திருந்தால் எத்தனை உயர்த்தியும் பயனில்லை. முதலில் அதைச் சரிபார்க்கவும்.

இங்கே ரிகர்ஷனே தேவையில்லை. கடைசி இரண்டு எண்களை இரண்டு வேரியபிள்களில் வைத்துக்கொண்டு ஒரு 'ஃபார்' லூப்பில் கூட்டிக்கொண்டே போனால் போதும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் தேடும் வேலை என்றால் ரிகர்ஷன் பொருத்தமானது. அங்கே ஆயிரம் அடுக்கு வருவது அபூர்வம்.

போனிலேயே லூப்பை எழுத வைத்தேன். 3000-ஆவது எண், 627 இலக்கங்களுடன், என்டர் தட்டியதும் வந்து நின்றது. ரேம் பணத்தில் பிரிண்டர் கேட்கிறானாம்.