வயிற்றில் தெரிந்த புடைப்பு

வேறு காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் செய்யப்போனவரிடம், “பெருந்தமனி புடைத்திருக்கிறது” என்று டாக்டர் கூறினால் உள்ளம் கலங்குவது இயல்பே.

பெருந்தமனி என்பது இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்லும் தலைமைக் குழாயாகும். வயிற்றுப் பகுதியில் அதன் அகலம் ஏறத்தாழ 2 செ.மீ. பழைய சைக்கிள் டியூப் மெலிந்த இடத்தில் புடைப்பதைப்போல், அதன் சுவரும் தளர்ந்து புடைப்பதுண்டு. பெரும்பாலும் வலி தோன்றாது. புகைப்பழக்கம் இதற்கு முக்கிய காரணமாகும்.

அறிஞர் ஐன்ஸ்டீனுக்கும் 1948இல் வயிற்று வலிக்காக அறுத்துப் பார்த்தபோதே இது தெரியவந்தது. குழாயை மாற்றும் முறை அப்போது இல்லை. டாக்டர் ருடால்ஃப் நிசன் புடைப்பைச் செலோபேன் தாளால் சுற்றினார். ஐன்ஸ்டீன் மேலும் ஆறாண்டு வாழ்ந்தார். 1955இல் அது வெடித்தபோது அறுவைச் சிகிச்சையை மறுத்து மறைந்தார். செயற்கைக் குழாயோ, உள்ளிருந்து பொருத்தும் உறையோ இன்று உண்டு.

ஆயினும், கண்டவுடன் அறுப்பதில்லை. ஆண்களுக்குப் பொதுவாக 5.5 செ.மீ. வரை, காலந்தோறும் அளந்து வருவர். அதற்கு மேல் வெடிக்கும் ஆபத்தே அறுவையின் ஆபத்தை மிஞ்சும். பெண்களுக்கு எல்லை இன்னும் குறைவு.

ஆகவே, அன்பர்களே, “எத்தனை சென்டிமீட்டர்?” என்று முதலில் கேளுங்கள். புகையை விடுங்கள். நாள் குறித்துவிட்டால் அஞ்சித் தள்ளிப்போடாதீர்கள். வயிற்றிலோ முதுகிலோ திடீரென்று கடும் வலி எழுந்தால், அக்கணமே மருத்துவமனைக்குச் செல்க.