வேதாளத்துக்கு உருவம் கொடுத்தவர்

அரூர்க் கடைத்தெருவை அடுத்து ஒரு ஓட்டு வீடு. திண்ணையில் பாட்டியும் பேரனும் உட்கார்ந்திருந்தார்கள். பேரனுக்கு வயது 4. இன்னும் ‘அ’னா, ‘ஆ’வன்னா தெரியாது. மடியில் அட்டை கிழிந்த பழைய ‘அம்புலிமாமா’ ஒன்று இருந்தது.

ஒரு படத்தைக் காட்டி, “இது என்ன தம்பி?” என்று கேட்டோம்.

“ராஜா பேயைத் தூக்கிக்கிட்டுப் போறாரு. கையில கத்தி இருக்கு. அவருக்குப் பயமே இல்லே!” என்றான்.

எழுத்துத் தெரியாத பிள்ளை கதையைப் படித்துவிட்டான்!

பாட்டியும் சிறுமியாக இருந்தபோது அதே மாதிரிப் படத்தைப் பார்த்தவர்தான். “வரைந்தவர் யார் பாட்டி?” என்று கேட்டோம்.

“அது யாருக்குத் தெரியும் சாமி!” என்று சிரித்தார்.

அந்தச் சித்திரக்காரர் யார்?

கொங்கு நாட்டுப் பிள்ளை

அவர் பெயர் கே. சி. சிவசங்கரன். படங்களில் அவர் போட்ட பெயர் ‘சங்கர்’.

கொங்கு நாட்டில் உள்ள காரத்தொழுவு கிராமத்தில் 1924-ம் ஆண்டு பிறந்தார். சிறுவயதிலேயே சென்னைக்கு வந்தார். படிப்பை விட அவர் கை ஓவியத்தையே நாடியது. சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார்.

அப்போது அங்கே தலைவராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. மெரினா கடற்கரையில் இருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான்.

படிப்பு முடிந்ததும் 1946-ம் ஆண்டில் ‘கலைமகள்’ பத்திரிகையில் சங்கருக்கு வேலை கிடைத்தது.

ஒரே படம், பல மொழி

‘மாயா பஜார்’ படம் எடுத்த நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947-ம் ஆண்டில் சிறுவர் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார்கள். தெலுங்கில் அதன் பெயர் ‘சந்தமாமா’. தமிழில் ‘அம்புலிமாமா’. 1952-ம் ஆண்டில் சங்கர் அங்கே சேர்ந்தார்.

அந்தப் பத்திரிகை பிறகு பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. எழுத்து மட்டும் மாறும். படம் மாறாது. ஆகவே, தமிழ்ப் பிள்ளை பார்த்த அதே அரசனை, இந்திப் பிள்ளையும் வங்காளப் பிள்ளையும் பார்த்தார்கள்.

இது எளிய வேலையா? இல்லை! எந்த ஊர்ப் பிள்ளை பார்த்தாலும், இவன் அரசன், இவன் திருடன், இது இரவு என்று உடனே விளங்க வேண்டும். கதையின் உயிரைக் கோடுகளே சொல்ல வேண்டும்.

விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமந்து செல்லும் படம் சங்கருக்கு அழியாப் புகழ் தந்தது. கையில் வாள். தோளில் பிணம். சுற்றிலும் சுடுகாட்டு இருள். ஆனால் அரசன் நடை தளரவில்லை. “அவருக்குப் பயமே இல்லே” என்று அரூர்ச் சிறுவன் சொன்னானே, அதை எந்த எழுத்தும் அவனுக்குச் சொல்லவில்லை. சங்கரின் பேனாதான் சொன்னது.

தாமதமாக வந்த விருது

அந்தப் பத்திரிகைக்காக ஏறத்தாழ 60 ஆண்டுகள் அவர் வரைந்தார். அதன் பிறகும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. முதிய வயதிலும் ‘ஸ்ரீராமகிருஷ்ண விஜயம்’ இதழுக்குப் படம் வரைந்தார்.

2020-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் காலமானார். 2021-ம் ஆண்டில் இந்திய அரசு அவருக்கு ‘பத்மஸ்ரீ’ விருது அறிவித்தது. அதைக் கையில் வாங்க அவர் உயிரோடு இல்லை.

கதை சொன்ன பாட்டியை நாம் மறப்பதில்லை. கதையைக் கண்ணில் காட்டியவரை மட்டும் மறக்கலாமா?

இதையெல்லாம் சொன்னதும், அரூர்ப் பாட்டி புத்தகத்தை மறுபடியும் கையில் எடுத்தார். அந்தப் பக்கத்தை விரித்தார். பேரன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“இதைப் போட்டது சங்கர்னு ஒருத்தர், கண்ணு. இப்போ கதையைக் கேளு.”

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய ‘அம்புலிமாமா’ இருக்கலாம். எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லும்போது, அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.