டேங்கில் ஒரு கரும்புக் கொல்லை

உங்கள் டம்ளரில் கரைந்திருக்கும் சர்க்கரைக்கும், வாசலில் நிற்கும் வண்டியின் டேங்கில் இருக்கும் பெட்ரோலுக்கும் ஓர் உறவு உண்டு. இரண்டும் ஒரே கரும்பிலிருந்து பிரிந்து வந்திருக்கலாம். இன்று பங்க்கில் நாம் பெட்ரோல் என்று போடுவதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். ‘ஈ20’ என்பதன் பொருள் அதுதான்: நூறு பங்கில் இருபது எத்தனால், மீதி எண்பது பெட்ரோல். இதைக் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள், வண்டி கெட்டுப்போகிறது என்று திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். யார் பக்கம் சேர்வது என்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் இது எப்படி உண்டாகிறது, எப்படி எரிகிறது என்று பார்த்துவிடுவோம். டீ ஆறுவதற்குள் பாதி தூரம் போய்விடலாம்.

எத்தனால் நமக்கு அந்நியமான பொருள் அல்ல. பனையில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் இனிப்பைத் தின்று அதைச் சாராயமாக்கிவிடுகிறது. அந்தச் சாராயத்துக்கு வேதியியல் வைத்த பெயர்தான் எத்தனால். சர்க்கரை ஆலையில் நடப்பதும் இதே வேலை. கரும்பைப் பிழிந்து சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்தபின், இனிமேல் படியாது என்ற நிலையில் கறுப்பாக ஒரு பாகு மிஞ்சும். அதை மொலாசஸ் என்பார்கள். அதிலும் இனிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் புளிக்கவைத்து வடித்தால் எத்தனால் கிடைக்கும். மொலாசஸ் போதாதபோது கரும்புச் சாற்றையே நேராகப் புளிக்கவைப்பதும் உண்டு. மக்காச்சோளம், அரிசி போன்ற தானியங்களின் மாவுச்சத்தை இனிப்பாக்கிப் புளிக்கவைப்பதும் உண்டு.

எண்ணெய் தட்டுப்பாடுதான் உலகத்தை இந்தப் பக்கம் திருப்பியது. 1973இல் கச்சா எண்ணெய் விலை திடீரென்று பல மடங்கு ஏறியபோது பிரேசில் திணறிப்போனது. கரும்பு ஏராளமாக விளையும் அந்த நாடு 1975இல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அங்கே பெட்ரோல், எத்தனால் இரண்டையும் எந்த விகிதத்திலும் ஏற்கும் கார்கள் ஓடுகின்றன. இந்தியா 2003இல் சில மாநிலங்களில் 5 சதவீதம் கலக்கத் தொடங்கியது. பத்தாண்டுகள் கழித்தும் நாடு முழுவதற்குமான சராசரி 2 சதவீதத்தை எட்டவில்லை. அதன்பின் வேகம் பிடித்து 2022இல் 10 சதவீதத்தையும், 2025இல் 20 சதவீதத்தையும் தொட்டது. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதற்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி உள்ளூர் ஆலைக்கும் அதன் வழியே விவசாயிக்கும் போகட்டும் என்பதே கணக்கு. நியாயமான கணக்குதான்.

இப்போது எல்லோரும் கேட்கும் மைலேஜ் கேள்விக்கு வருவோம். எரிவது என்றால் ஆக்ஸிஜனோடு சேர்வது. பெட்ரோலில் ஆக்ஸிஜன் கிடையாது. எத்தனாலோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்ஸிஜனை ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறது. வீட்டில் பாதி சாப்பிட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர் குறைவாகத்தானே சாப்பிடுவார்? அதுபோல எத்தனால் எரியும்போது வெளிவரும் வெப்பமும் குறைவு. ஒரு லிட்டர் பெட்ரோலின் வெப்பத்தை 100 என்று வைத்தால், ஒரு லிட்டர் எத்தனாலின் வெப்பம் சுமார் 66.

அப்படியானால் இருபது சதவீதம் கலந்தால் மைலேஜ் இருபது சதவீதம் குறையுமா? குறையாது, எத்தனால் ஒன்றும் தண்ணீர் அல்ல. எண்பது பங்கு பெட்ரோலிலிருந்து 80, இருபது பங்கு எத்தனாலிலிருந்து 13, ஆக 93. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 46, 47 கொடுக்கலாம். எத்தனாலிடம் இன்னொரு நல்ல குணமும் உண்டு. எஞ்சினுக்குள் அதிகமாக அழுத்தினாலும் நேரத்துக்கு முன்னால் எளிதில் தானாகப் பற்றிக்கொள்ளாது. அந்தப் பொறுமையைத்தான் ஆக்டேன் எண் என்று அளக்கிறார்கள். இதற்கென்றே வடிவமைத்த எஞ்சின் இந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொண்டு இழப்பில் ஒரு பகுதியை மீட்டுவிடும். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை, ஈ20க்கு ஏற்பச் சீரமைத்த கார்களில் இழப்பு 1 முதல் 2 சதவீதம் என்றும், பழைய வகைக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் என்றும் கணித்தது.

பழைய வண்டிக்காரர்களின் கவலையில் உண்மை இருக்கிறது. எத்தனால் சிலவகை ரப்பரை ஊறவைத்து இளக்கிவிடும். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் அதைத் தாங்கும் குழாய்களும் வாஷர்களும் இருக்கின்றன. அதற்கு முந்தைய வண்டிகளில் அவற்றை அவ்வப்போது மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்ப்பது நல்லது. அடுத்தது தண்ணீர். பெட்ரோல் தண்ணீரோடு சேராது, எத்தனால் சேரும். டேங்குக்குள் ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் மழையில் நிறுத்திவைக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை பார்த்தது வண்டிக்குள் நடப்பது. இனிமேல்தான் நாம் நிதானமாக நடக்கவேண்டிய இடம் வருகிறது. ஏறக்குறைய எல்லோரிடமும் ஓர் எண்ணம் இருக்கிறது: ‘செடியிலிருந்து வந்த எரிபொருள், அதனால் சுத்தமாக எரியும்.’ சைலன்சர் ஓரம் போய்ப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால் 1.5 கிலோ. பார்க்கக் குறைவுதான். ஆனால் அதே தூரம் ஓட எத்தனால் ஒன்றரை லிட்டர் வேண்டும். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் 2.25. கிட்டத்தட்ட சமம்! கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு குறைகிறது என்பது உண்மை. அது நம் நுரையீரலுக்கு நல்லது. பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவைப் பொறுத்தவரை, சைலன்சர் ஓரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

பிறகு எதற்கு இதைப் பசுமை எரிபொருள் என்கிறார்கள்? காற்றுமண்டலத்தை ஒரு தண்ணீர்த் தொட்டியாகவும், கரியமில வாயுவை அதிலுள்ள தண்ணீராகவும் நினைத்துக்கொள்ளுங்கள். கரும்பு வளரும்போது அந்தத் தொட்டியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு தன் உடம்பில் வைத்துக்கொள்கிறது. எத்தனாலாகி எரியும்போது அதே சொம்பைத் தொட்டியில் திரும்ப ஊற்றுகிறது. தொட்டியின் மட்டம் ஏறவில்லை. பெட்ரோல் அப்படியல்ல. பல கோடி ஆண்டுகளாகப் பூமிக்கடியில் மூடிக்கிடந்த குழாயை அது திறந்துவிடுகிறது. தொட்டிக்குப் புதுத் தண்ணீர் வருகிறது, மட்டம் ஏறுகிறது. ஆக, எத்தனாலின் நன்மை சைலன்சரில் இல்லை, அந்தச் சொம்பை மொண்ட வயலில் இருக்கிறது. அதனால் இந்த எரிபொருள் நல்லதா கெட்டதா என்று அறிய வேண்டுமானால் நாம் வயலுக்குத்தான் போகவேண்டும்.

வயலில் என்ன நடக்கிறது? சொம்பு மொள்ளும்போதே முழங்கை பட்டு, பக்கத்திலிருக்கும் அந்தப் பழைய குழாயும் கொஞ்சம் திறந்துகொள்கிறது. உழும் டிராக்டருக்கு டீசல் வேண்டும். யூரியா தயாரிக்க இயற்கை எரிவாயு வேண்டும். வயலில் போட்ட யூரியாவில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்ஸைடாக மேலே போகிறது. எடைக்கு எடை பார்த்தால் அது கரியமில வாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வடிப்பதற்கு பாய்லர் எரியவேண்டும். கரும்பாலையில் அதற்குச் சக்கையே போதும், வெளி எரிபொருள் அதிகம் தேவைப்படாது. மக்காச்சோளத்துக்கு அந்த வசதி கிடையாது. நிலக்கரியோ எரிவாயுவோ வேறு எதுவோ வாங்கி எரிக்கவேண்டும். ஒரே எத்தனால்தான், ஆனாலும் பிறந்த இடத்தைப் பொறுத்து அதன் நன்மை கூடும், குறையும்.

இதைவிடப் பெரிய ஓட்டை நிலத்தில் இருக்கிறது. எரிபொருள் பயிருக்காகக் காட்டை வெட்டினால், மரத்திலும் மண்ணிலும் நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த கரி ஒரேயடியாகத் தொட்டிக்குள் கொட்டும். அந்தக் கடனை ஆண்டுக்கு ஒரு சொம்பாக அடைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். 2008இல் திமோதி சர்ச்சிங்கரும் அவருடன் சேர்ந்தவர்களும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போனது. காட்டை நேராக வெட்டாமல் இருக்கும் வயலையே எரிபொருளுக்குத் திருப்பினாலும், குறைந்துபோன உணவை விளைவிக்க உலகின் வேறு மூலையில் யாரோ காட்டை வெட்டுவார்கள் என்று அது சுட்டிக்காட்டியது. கணக்கு எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே இன்றும் விவாதம் நடக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. இந்தோனேசியா 2025இல் தன் டீசலில் 40 சதவீதம் பாமாயில் டீசலைக் கலக்கத் தொடங்கியது. அதற்கான எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் பல, மழைக்காடும் சதுப்புநிலமும் இருந்த இடத்தில் நிற்கின்றன.

நம் ஊரில் முதலில் இடிப்பது தண்ணீர். கரும்புச் சாற்றிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அதே நிதி ஆயோக் அறிக்கை சொல்கிறது. மழை பொய்த்தால் இந்தக் கணக்கு உடனே கழுத்தைப் பிடிக்கும். 2023இல் பருவமழை குறைந்து சர்க்கரை தட்டுப்படும் என்ற பயம் வந்தபோது, அந்த டிசம்பரில் மத்திய அரசு கரும்புச் சாற்றை எத்தனாலுக்குத் திருப்ப வேண்டாம் என்று தடுத்தது, பிறகு தளர்த்தியது. அந்த இடத்தை நிரப்ப மக்காச்சோளம் வந்தது. மக்காச்சோளம் கோழியின் சாப்பாடு. விலை ஏறியதும் தீவனச் செலவு ஏறி நாமக்கல் பண்ணைகள் வரை சூடு தெரிந்தது. வழக்கமாக மக்காச்சோளம் ஏற்றுமதி செய்யும் நாடு 2024இல் பெருமளவு இறக்குமதி செய்தது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் போய் மக்காச்சோளத்தை இறக்குமதி செய்தோம். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மக்காச்சோளம் பயிரிட்டவருக்கு நல்ல விலை கிடைத்தது. மாவுச்சத்து போன பின் மிஞ்சும் புரதச் சக்கை தீவனமாகத் திரும்பியும் வருகிறது.

‘உணவுப் பயிர்தானே சிக்கல், தரிசில் வளரும் செடியைப் பயன்படுத்தினால்?’ என்று நீங்கள் கேட்கலாம். அதையும் செய்து பார்த்தோம். திட்டக் கமிஷன் அமைத்த குழு 2003இல், காட்டாமணக்கை நாடெங்கும் நட்டு அதன் எண்ணெயை டீசலில் கலக்கலாம் என்றது. அது தரிசில் வளரும், ஆடுமாடு கடிக்காது. எல்லாம் சரிதான். ஆனால் தண்ணீரும் எருவும் இல்லாத மண்ணில் செடி உயிரோடு நிற்குமே தவிர, போதுமான விதை தராது. நம்பி நட்டவர்கள் நம் மாவட்டங்களிலும் இருந்தார்கள்; பலர் சில ஆண்டுகளில் பிடுங்கிப்போட்டார்கள். உயிர் பிழைப்பது வேறு, விளைச்சல் தருவது வேறு என்பது அப்போது படித்த பாடம்.

அப்படியானால் எந்த எத்தனால் நல்லது? ஏற்கெனவே மிஞ்சியதிலிருந்து வருவது. சர்க்கரை எடுத்தபின் நிற்கும் மொலாசஸ் அப்படிப்பட்டது. அதற்கென்று தனி நிலம் வேண்டாம். ஹரியானாவின் பானிபட்டில் 2022இல் திறந்த ஆலை, வயலிலேயே கொளுத்திவிடும் நெல் வைக்கோலை வாங்கி எத்தனாலாக்க அமைக்கப்பட்டது. வடை சுட்ட எண்ணெயைச் சேகரித்து டீசலாக்குவதும், சாணத்திலிருந்தும் காய்கறிக் கழிவிலிருந்தும் எரிவாயு எடுப்பதும் இந்த வகைதான். குறை என்னவென்றால், மிச்சம் என்பது எப்போதும் அளவோடுதான் இருக்கும். நாடு முழுவதும் ஓடும் வண்டிகளை அதை மட்டும் வைத்து ஓட்ட முடியாது.

கடைசியாக ஒரே ஒரு ஏக்கரை எடுத்துக்கொள்வோம். அதில் 40 டன் கரும்பு விளைந்து, சாறு முழுவதையும் எத்தனாலாக்கினால் சுமார் 2,800 லிட்டர். மின்சார யூனிட்டில் சொன்னால் 16,000 சொச்சம். அதே ஏக்கரில் சூரியத் தகடு பரப்பினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 லட்சம் யூனிட். அதற்கு மேல், எஞ்சின் தன் வெப்பத்தில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். மின்மோட்டார் முக்கால் பங்குக்கு மேல் கொடுக்கும். ஊருக்குள் ஓடும் ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் மின்சாரமே சிக்கனம் என்பது இதிலிருந்து தெரிகிறது. அதிலும் குறை உண்டு: பேட்டரிக்குச் சுரங்கம் தோண்டவேண்டும், இரவில் வரும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியுடையது. விமானத்தையும் கப்பலையும் பேட்டரியில் ஓட்டுவதும் கடினம். நம்மிடம் இருக்கும் அளவான நல்ல எத்தனாலையும் தாவர எண்ணெயையும் வேறு வழியில்லாத அந்த வேலைகளுக்கு ஒதுக்கி வைப்பதே புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை யாராவது ஓர் எரிபொருளைக் காட்டி ‘இது பசுமை’ என்றாலோ, ‘இது ஏமாற்று’ என்றாலோ, ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: எந்த வயலிலிருந்து வந்தது? அந்த வயலில் முன்பு என்ன இருந்தது, அதற்கு யாருடைய தண்ணீர் பாய்ந்தது, அது யாருடைய தட்டிலிருந்து எடுக்கப்பட்டது, அல்லது எதன் மிச்சம்? இந்த நாலும் தெரிந்தால் நல்லது கெட்டதை நீங்களே சொல்லிவிடலாம். அதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை. ஒரு கொல்லையின் வரவுசெலவு தெரிந்தவர் போதும். அப்படிப்பட்டவர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.